எரு போடாத பாத்தி

இந்தக் கதை நான் கட்டியது இல்லை. ஆராய்ச்சிப் பண்ணைக்குக் களையெடுக்கப் போகும் என் சித்தி சொன்னது.

அங்கே கேழ்வரகு விதைத்த மூன்று பாத்திகள் இருந்தன. பல வருடங்களாக ஒன்றுக்குத் தொழு உரமும் இன்னொன்றுக்கு மூட்டையில் வரும் ரசாயன உரமும் போட்டார்கள். மூன்றாவதற்கு எதுவுமே போடவில்லை. அந்த வெறும்பாத்தியில் மிஞ்சியிருந்த ஒரே மண்புழுவும் பசி தாங்காமல் கிளம்பியது.

"போறதுதான் போற, எனக்கு எப்ப எரு போடுவாங்கன்னு கேட்டுட்டு வா தம்பி. மறந்துட்டாங்க போல" என்றது வெறும்பாத்தி.

ரசாயன உரப் பாத்தியில் கேழ்வரகு கருகருவென்று நின்றது. மண்தான் இறுகிப்போய், நுழையவே சிரமமாக இருந்தது. தொழு உரப் பாத்தியோ பொலபொலவென்றிருந்தது. புழு வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கேட்டது.

"மறக்கிறதா? நல்லா சொன்ன போ!" என்று சிரித்தது அந்தப் பாத்தி. "அவளுக்கும் போட்டுட்டா, எங்க விளைச்சல் எவ்வளவு கூடியிருக்குன்னு எதை வச்சுப் பாப்பாங்க? அவ கடைசிவரைக்கும் அப்படித்தான்."

புழுவுக்கு அங்கேயே தங்கிவிட ஆசை. ஆனாலும் திரும்பிப் போனது. "என்ன தம்பி சொன்னாங்க?" என்ற குரலைக் கேட்டதும் உண்மை வாயில் வரவில்லை.

"அடுத்த போகம் போடுவாங்களாம் அக்கா."

"அப்படியா! அப்ப நான் எதுக்கு மிச்சம் பிடிக்கணும்?" என்று வெறும்பாத்தி தன்னிடம் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் கதிருக்கு ஏற்றிவிட்டது. வேண்டாம் என்று தடுக்கப் புழுவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

அப்படியொரு பாத்தியை உண்மையிலேயே எதுவும் போடாமல் விடுவார்களா என்று பிறகு தேடிப் பார்த்தேன். நீண்டகால உரச் சோதனைகளில் விடுகிறார்கள். அந்தப் பாத்தியிலும் போகம் தவறாமல் விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள்.