வெறும் காடு

ஆனைக்கரை ஏலத்தோட்டத்து மேட்டில் நிற்கும் ஜீப்பின் பானட் மீது வரைபடம் விரிந்திருக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க அதன் முனையில் ஜீப் ஓட்டிவந்த அஷ்ரஃபின் டீ ஃபிளாஸ்க். வெளியூர்க்காரர்களை ஊர்ப்பெண்களே காடு காட்ட அழைத்துப்போகப்போகும் பாதையை, அதற்குத் திட்டம் போட வந்திருக்கும் ஜீவிதா பென்சிலால் வரைகிறாள். ஏலக்காய் பறிக்கும் பெண்கள் கறை படிந்த விரல்களால் ஓடையையும் பாறையையும் காட்டுகிறார்கள். பென்சில் எதிரே நிற்கும் பெருமரத்தை எட்டியதும் பேச்சு நின்றுபோகிறது. "அங்க என்னக்கா இருக்கு?" என்று கேட்கிறாள் ஜீவிதா. "ஒண்ணுமில்ல தாயி, வெறும் காடு" என்கிறாள் அவர்களில் மூத்தவளான ஒச்சம்மா. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ரயில் இரைவதுபோல் சிறகோசை. பெண்கள் ஒருவரும் நிமிரவில்லை. ஜீவிதா நிமிர்கிறாள். அத்திப்பழத்தோடு ஓர் இருவாச்சிப் பறவை அந்த மரத்தில் இறங்குகிறது. பொந்தின் இடுக்கிலிருந்து இன்னோர் அலகு நீண்டு பழத்தை வாங்கிக்கொள்கிறது. ஒச்சம்மாவின் குரல் தாழ்கிறது: "பொட்டை முட்டையோட உள்ள அடைஞ்சு கெடக்கு, ஆம்பளதான் இரை கொண்டாரணும். போன வருசம் கேமராக்காரங்க கூடுனதுல ஆம்பளப் பறவை கிட்டவே வரல. குஞ்சு ஒண்ணும் தங்கல, தாயி." ஏலப்பூ வாசனை வந்துபோகிறது. ஜீவிதா ரப்பரால் கோட்டை அழிக்கிறாள், பாதையை ஓடைப்பக்கமாக வளைக்கிறாள். மரம் இருக்கும் இடத்தில், எல்லாரும் பார்க்க, நிதானமாக எழுதுகிறாள்: வெறும் காடு.