சிங்கத்தின் எடை

பன்றிக்கறிக் கடைத் தராசில் கம்சுய் ஏறி நின்றான்.

"எதுன்னு போட? தொடைக்கறியா, கொழுப்பா?" என்றாள் கடைக்காரி லானக்கா. பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது.

"கொழுப்புன்னே போட்டுக்கோக்கா. எத்தனைன்னு மட்டும் சொல்லு."

"அறுபத்தாறு. கொக்கியில தொங்குறது உன்னைவிடச் செழிப்பா இருக்குடா."

மருந்துக்கடைத் தராசும் இதையேதான் சொன்னது. அரிசி மண்டித் தராசும் அப்படியே. மூன்று தராசுகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லப் போவதில்லை.

அப்படியானால் பாக்ஹோங் அண்ணன் மட்டும் ஏன் ஒவ்வொரு பயிற்சியிலும் "போன வாரத்தைவிடக் கனம்டா நீ" என்கிறார்?

அதுதான் கம்சுய்க்குப் பிடிபடவில்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கேள்வி அவனைப் படுத்திக்கொண்டிருந்தது.

சிங்க ஆட்டத்தில் கம்சுய் தலை. பாக்ஹோங் வால். பதினெட்டு வருடமாக இருவரும் சேர்ந்து ஒரே சிங்கம். கடைத் திறப்போ கல்யாணமோ, வாசலில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட கீரைக்கட்டைச் சிங்கம் எழுந்து நின்று பறிக்க வேண்டும். சிங்கத் துணிக்குள்ளே வால்காரர் தலைக்காரனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தோள்மேல் நிறுத்துவார். கைதட்டு தலைக்கு. முதுகுவலி வாலுக்கு.

நாலு மாதத்துக்கு முன், ஒரு நகைக்கடைத் திறப்பில், சிங்கம் பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"ஏன், சிங்கத்துக்குக் கீரை பிடிக்காதா?" என்று கடை முதலாளியின் மாமியார் உரக்கக் கேட்டாள்.

அன்று கம்சுய் எழுபத்துநாலு கிலோ. குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வயிறே முன்னால் வந்து நின்றது. குழுவின் மாஸ்டர் லியோங் கெடு வைத்தார். நிலாப் பண்டிகைக்குள் எடை இறங்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய தங்கை மகள் தலைக்கு வருவாள்; ஐம்பது கிலோகூட இல்லாத பெண். கம்சுய் ஓரமாக நின்று தாளம் தட்டலாம்.

சிங்கத்தை விட அவனுக்கு மனமில்லை. சோற்றை விட்டான்.

கண்ணாடிக்குள் தொங்கும் வறுத்த வாத்துகளைப் பார்க்காமலிருக்கத் தெருவை மாற்றினான். அந்தத் தெருவிலும் வாத்து தொங்கியது. ஃபோஷான் நகரத்தில் வாத்து தொங்காத தெருவுக்கு எங்கே போவது? மனைவி வதக்கி வைத்த கறியைச் சுடுநீரில் குளிப்பாட்டித் தின்றான். கனவில் இறால் கொழுக்கட்டைகள் வரிசையாக வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயின.

எட்டு கிலோ இறங்கியது. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. அண்ணனுக்கு மட்டும் அவன் கனத்துக்கொண்டே போனான்.

இன்று கேட்டே விடுவது என்று சந்தைக்கு எதிரேயிருந்த தேநீர்க்கடையின் மாடி ஏறினான்.

பாக்ஹோங் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். மூங்கில் கூடைகளிலிருந்து எழுந்த ஆவி கம்சுயின் மூக்கைத் தேடி வந்து பிடித்தது.

"உட்காருடா" என்று சொல்லி அண்ணன் அவன் கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

கம்சுய் மேசையை இரண்டு விரலால் தட்டினான். ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்கிற தட்டல். கோப்பை நிறைந்ததும் நின்றுவிடும்.

இன்று நிற்கவில்லை. கோப்பை நிறையவே இல்லை.

கெண்டியின் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. தேநீர் கோப்பையைச் சுற்றி வட்டம் போட்டு மேசைத் துணியில் பரவியது. அண்ணன் இரண்டு கைகளாலும் கெண்டியைப் பிடித்திருந்தார். பதினெட்டு வருடமாக ஒற்றைக் கையால், பேச்சை நிறுத்தாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றியவர்.

கம்சுய் விரலை எடுத்துக்கொண்டான்.

அண்ணன் கெண்டியை வைத்தார். கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"எடை பார்த்தியா?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் தீர்ப்புக்கு நிற்கிறவரின் கண்ணாக இருந்தது.

தலையில் கோளாறு என்றால் தாளம் உண்டு. வாலில் கோளாறு என்றால் வீடுதான். தாளம் தட்டவும் கை வேண்டும்.

"எழுபத்தாறு, அண்ணே."

பாக்ஹோங் நாலு மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். "நான் சொல்லல? நாலு மாசமாத் தொண்டை கிழியச் சொல்றேனே! திருட்டுத்தனமா எதைடா தின்ன?"

"வாத்து. முழு வாத்து. மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன், அந்தப் பொண்ணு வரட்டும். உங்களுக்கும் தூக்க லேசா இருக்கும்."

"வெக்கங்கெட்ட பய!" அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

லானக்காவின் வாயை எப்படி அடைப்பது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். இப்போதைக்குச் சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டும். பலகார வண்டி தள்ளி வந்த பெண்ணை நிறுத்தி, இரண்டு கூடை இறால் கொழுக்கட்டை இறக்கச் சொன்னான் கம்சுய்.

முதல் கொழுக்கட்டை தொண்டையிலேயே நின்றது. இரண்டாவதைத் தேநீர் விட்டு இறக்கினான். மூன்றாவதை, அண்ணன் பார்க்கிறாரே என்று, கண்ணை மூடி ருசித்துத் தின்பதுபோல் நடித்தான்.

நான்காவது உண்மையாகவே ருசித்துத் தொலைத்தது. அதற்கு அவன் என்ன செய்வான்?