பக்கவாட்டில் வெடிக்கும் பிரேக்

எஸ்தரின் கணவன் தனராஜ் துப்பாக்கிச் சுடும் பயிற்சியாளன். அவனிடம் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் நவீனாவுக்குத் துப்பாக்கி உதைத்துத் தோள் வலிக்கிறதாம். உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் வாங்க எஸ்தரையும் கடைக்கு அழைத்து வந்திருந்தான்.

"எனக்கும் ஒண்ணு வாங்குவோமா?" என்றாள் எஸ்தர். அவளும் சுடுகிறவள்தான். பதினோரு வருடமாகத் தோள் கன்றிப்போயிருந்தது.

"ஒனக்கெதுக்கு? ஒனக்குத்தான் பழகிப்போச்சே" என்றவன், நவீனாவின் போன் வரவும் வெளியே போனான்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது சுமார். இது மாட்டுனா உதைக்கவே செய்யாது. ஆனா வெடிக்கிற காத்து பக்கவாட்டுல அடிக்கும். காதுமூடி போட்டாலும் பக்கத்துல இருக்கவங்களுக்குத் தலை கிறுகிறுத்துரும்."

நவீனா சுடும்போது அவள் காதோரம் குனிந்து குறி சொல்லிக்கொடுப்பது யாரென்று எஸ்தருக்குத் தெரியும்.

"ரெண்டாவதையே குடுங்க" என்றாள். "அவருட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."