கழற்ற வேண்டிய கருவி

நான்கு கருவிகளில் ஒன்றைக் கழற்றினால்தான் விண்கலத்துக்கு மேற்கொண்டு பணம் என்று மறுஆய்வுக் குழுத் தலைவர் சொன்னதும், அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தேன்.

என் பதவி திட்ட மேலாளர். அலுவலகம் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அடுத்த வருஷம்'. கலம் எப்போது கிளம்பும் என்று யார் கேட்டாலும் என் வாயில் வருவது அதுதான்.

வால்நட்சத்திரத்தை நோக்கிப் போக வேண்டிய கலம் என் தலைமையில் சோதனைக்கூடத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. செலவு இரண்டு மடங்காகிவிட்டது. வால்நட்சத்திரம் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இரண்டு கருவிகள் தயார். நிறமாலைமானியும் புற ஊதாக் கேமராவும்தான் போட்டி போட்டுக்கொண்டு தாமதம். இரண்டில் எதைக் கழற்றினாலும் பிழைத்துவிடலாம்.

நிறமாலைமானியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அலுவலகம் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.

தொண்டையைச் செருமினேன். மறுபடி செருமினேன். இன்னொரு முறை செரும வெட்கமாக இருந்ததால், "புற ஊதாக் கேமரா" என்றேன்.

கேமராவின் தலைமை விஞ்ஞானி எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இளமை முழுவதும் அந்தக் கேமராவுக்குள்தான் போயிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கேமரா இருந்த எடத்துல அதே எடைக்கு ஒரு கட்டைய வைக்கணும் சார். இல்லன்னா கலம் ஒரு பக்கமா சாயும்."

குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்தேன். பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

குழுத் தலைவர் என் துணிச்சலைப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் சேர்ந்து தட்டிவிட்டேன்.

கூட்டம் முடிந்து கீழே வந்தேன். என் காருக்குப் பக்கத்தில் கேமராவின் தலைமை விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார் போலிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்பதா, காரணம் சொல்வதா என்று யோசித்தேன். வழக்கம்போல் அதிலும் தாமதம்.

"சாவியக் குடு, நான் ஓட்டுறேன். பாப்பா ஸ்கூல் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீ வாயத் தெறக்காத," என்றாள்.

பாப்பா உட்காரும் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.