அமலதாஸின் முப்பதாம் நாள்

அமலதாஸ் இறந்த முப்பதாம் நாள், அவர் உருவாக்கிய வீடியோ கேமுக்குள் இருக்கும் கடற்கரையில் லட்சக்கணக்கான ரசிகர்கள் கூடினார்கள். இருபது வருடமாக ரசிகர்களோடு அவர் பேசியதையெல்லாம் சேர்த்து, அவரைப் போலவே பேசும் ஓர் உருவத்தைக் கம்பெனி அங்கே நிறுத்தியிருந்தது. அவருடைய தங்கை ஜெசிந்தாவும் நாகர்கோவில் வீட்டில் உட்கார்ந்தபடி, கேமுக்குள் கூட்டிப்போகும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த உருவத்தோடு பேச நின்ற வரிசையில் சேர்ந்தாள்.

முன்னால் பேசி முடித்த ரசிகை கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். “அவரேதாங்க! எங்கயும் போகல” என்றாள்.

ஜெசிந்தாவின் முறை வந்தது.

“வாங்க, சாப்பிட்டீங்களா?” அதே குரல், அதே சிரிப்பு.

“அண்ணே, நான் ஜெசிந்தா.”

“அழகான பேருங்க. எத்தனை வருஷமா விளையாடுறீங்க?”

அவள் ஒருநாளும் விளையாடியதில்லை. “எப்பவும் கூப்பிடுவியே, ஏட்டின்னு. ஒருக்கா கூப்பிடுண்ணே” என்றாள்.

“ஐயோ, உங்களைப் போய் அப்படிக் கூப்பிடுவேனா?” என்று மரியாதையாகச் சிரித்தது உருவம்.

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

“மாமா பேசுனாவளா?” என்று மகள் கேட்டாள்.

“அது அந்த ரசிகர்களுக்க ஆளு, மக்கா. எனக்க அண்ணன் செத்துட்டான்” என்றாள், அடக்கத்தன்றுகூட அழாத ஜெசிந்தா. பிறகு வாய்விட்டு அழுதாள்.