விருந்தாளிக்கு அத்தர்

மாமல்லபுரத்தில் திறக்கவிருந்த அருங்காட்சியகத்துக்குத் தாமோதரன் தன் குடும்பத்து வெள்ளி அத்தர் டப்பாவை அன்பளிப்பாகக் கொடுத்தார். மூடியின் துளைகள் மேலே தெரிய, மேசைமேல் வைத்தார்.

“அட்டையில இப்படி எழுதுங்க மேடம். வீட்டுக்கு வந்த விருந்தாளிங்களை வாசனையோட வரவேத்த டப்பா.”

காப்பாளர் வரலட்சுமி அதைத் தொடவில்லை.

“துளை ஒரு பக்கம்தான் இருக்கு சார். பிடிச்சிருக்கிறவருக்குத்தான் வாசனை. எதிர்ல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது.”

“எங்கியோ படிச்சிட்டு வந்து எங்க வீட்டுப் பழக்கத்தை எனக்கே சொல்றீங்களா?”

“அடியில தாமரை செதுக்கியிருக்கும். எட்டு இதழ். விரல் பட்டு ஒண்ணு தேஞ்சிருக்கும்.”

தாமோதரன் டப்பாவைத் திருப்பினார். ஓர் இதழ் தேய்ந்திருந்தது.

“முப்பது வருஷமா இது லாக்கர்ல இருந்தது. நீங்க எங்க பார்த்தீங்க?”

“உங்க களத்துல. அறுப்புக் கூலி நெல்லுக்கு எங்கம்மா வந்து நிக்கும்போதெல்லாம், உங்கப்பா இதை மூக்குல வச்சிகினுதான் பேசுவாரு. நான் பக்கத்துல நின்னு இதழை எண்ணிகினு இருப்பேன்.”

தாமோதரனின் குரல் இறங்கியது. “அதையா எழுதப் போறீங்க?”

“நீங்க சொன்ன வீட்டுப் பழக்கம் அதுதானே சார்,” என்று வரலட்சுமி பேனாவைத் திறந்தார்.