பானுப்பிரியா ஆன்லைனில் இருக்கிறார்

“அனுப்பும்மா,” என்றார் முதலாளி தனுஷ்கோடி.

யுவராணி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பினாள்.

‘நாளைக்கு நேர்ல பாக்கலாமாண்ணே? பந்தல்குடி பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்.’

தட்டிய விரல் யுவராணியுடையது. அனுப்பியவளின் பெயர் பானுப்பிரியா. பந்தல்குடிக்காரி, வேறொரு கூடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள், முதலாளிமார் பண்ணுகிற அநியாயத்தைக் கண்டு கொதிக்கிறவள்.

அப்படி ஒருத்தி இந்தப் பூமியில் கிடையாது. நாலு நாளைக்கு முன்னால் தனுஷ்கோடி ஒரு புதுச் சிம்மைக் கொண்டுவந்து ஆபீஸ் மேசையில் வைத்தார். அப்போது பிறந்தவள்.

ஒரு பிரவுசருக்குள் ஒரு வாட்ஸப்தான் குடியிருக்கும். அதே இடத்தில் இன்னொரு எண்ணைத் திறக்க வேண்டுமென்றால் முதல் எண் காலி செய்துகொண்டு போய்விட வேண்டும். அதனால் சேலைக் கடைக்காரர்களோடு பேசுகிற எண்ணை யுவராணி ஒரு பிரவுசரில் வைத்திருந்தாள், குடோன் எண்ணை இன்னொன்றில். பானுப்பிரியாவுக்கு ஒதுக்கியது இன்காக்னிட்டோ என்கிற மறைவு ஜன்னல். அதற்கு ஞாபகமே கிடையாது. மூடிவிட்டால், இந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்து யாரோடு பேசினார்கள் என்பதற்குச் சுவடே இருக்காது.

இதையெல்லாம் ஒருத்தருக்கு விளக்கிச் சொல்வதென்றால் யுவராணிக்குச் சோறு தண்ணி வேண்டாம். முதலாளிக்கும் ஆசை ஆசையாகத்தான் விளக்கினாள். யாரைப் பிடிப்பதற்கு என்பதை அவர் பிறகுதான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை, தனுஷ்கோடியின் கூடம் லீவில் கிடக்கும்போது, முப்பது தறியையும் ரகசியமாகக் கழற்றி லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட ஏற்பாடாகியிருந்தது. லாரி வந்தபோது தறி ஓட்டுகிற முப்பது பேரும் கேட்டை மறித்து நின்றார்கள். முந்தின நாள் சாயங்காலமே அவர்களுடைய குரூப்பில் பேரில்லாத ஓர் எண் விஷயத்தைப் போட்டுவிட்டது. லாரி வருகிற நேரம் முதற்கொண்டு. அந்த எண்ணோடுதான் பானுப்பிரியா நாலு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“ஆளு மட்டும் தெரியட்டும். இந்த டவுனுல ஒருத்தன் அவனுக்குத் தறி குடுக்க மாட்டான்,” என்றிருந்தார் தனுஷ்கோடி.

பத்தொன்பதாம் தறி யுவராணியின் தம்பி சங்கருடையது.

அவன் போன வாரம்தான் இன்னொரு சிம் வாங்கினான். ஆபரில் கிடைத்தது என்றான். என்ன நம்பர் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டு, இந்த நம்பராகவே இருந்துவிட்டால்?

திரையில் ஒற்றை டிக் இரட்டையானது. இரண்டும் நீலமாயின.

“படிச்சுட்டான் மொதலாளி.”

“நீலமானா என்ன, பச்சையானா என்ன? அவன் ஆருன்னு சொல்லுதா ஒம் மிசினு?”

அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் டீ டம்ளர், ஒரு கையில் போனுமாக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, லாரி புரோக்கரை ஏச ஆரம்பித்தார்.

‘எழுதுகிறார்…’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. விரல் எழுத்தின்மேல் இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சொல் நிற்கும். யோசிக்க ஆரம்பித்தால் போய்விடும். அந்தப் பக்கம் இருக்கிற ஆள் வெகுவாக யோசித்தது.

வாரேன்னு சொல்லிறாதடா, என்று யுவராணி மனசுக்குள் கும்பிட்டாள்.

‘நாளைக்கு முடியாதும்மா. எல்லுண்டி சொல்றேன்.’

அவள் கண் அந்த இரண்டாவது வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போதே அது கரைந்தது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ அதற்குக் கீழே புதிதாக ஒன்று விழுந்தது. ‘நாளைக்கு முடியாதும்மா. நாளைக் கழிச்சு சொல்றேன்.’

எல்லுண்டி.

சங்கருக்கு அந்தச் சொல் தெரியாது. முப்பது பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லோரும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிற தமிழ்க்காரர்கள். தெலுங்கில் அது நாளைக்கு மறுநாள். எட்டு வருஷத்தில் இந்தக் காம்பவுண்டுக்குள் இரண்டே பேர் வாயிலிருந்துதான் யுவராணி அதைக் கேட்டிருக்கிறாள்.

ஒருவர் வாசலைப் பார்த்து நின்று புரோக்கரை ஏசிக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் மாடியில் இருந்தார். ரேணுகாதேவி, முதலாளியம்மா. முப்பது பேர் வீட்டுப் பிள்ளைகளையும் பேர் சொல்லி விசாரிக்கிறவர்.

யுவராணியின் நெஞ்சில் நாலு நாளாக இருந்த கல் இறங்கியது. இறங்கி, வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

“என்னமோ வந்து போன மாதிரி இருந்துச்சே?”

தனுஷ்கோடி எப்போது போனை வைத்தார் என்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அதற்கு மேலே இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

“இதுல என்ன போட்டிருந்துச்சு?”

எல்லோருக்குமாகச் சேர்த்து அழித்துவிட்டால் அனுப்பியவரிடமும் இருக்காது, வந்த இடத்திலும் இருக்காது. தோண்டி எடுக்க வழியில்லை. மிஞ்சுவது படித்த ஆளின் மனசுக்குள் மட்டும்தான்.

முகம் காட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் அவள் சொன்னாள்.

“தெரியல மொதலாளி. படிக்கிறதுக்குள்ள அழிச்சுட்டாக.”

பின்னால் டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம்.

“படிச்சுட்டான்… அழிச்சுட்டாகளா?” என்றார் தனுஷ்கோடி.